அப்பாவுக்குக் குளிர் ஆகாது

அப்பா இறந்தது ஒரு மே மாதக் காலையில். தம்பி கனடாவில் இருந்தான். எந்த விமானத்தைப் பிடித்தாலும் மறுநாள் சாயங்காலம்தான் திருச்சிக்கு வந்து சேர முடியும் என்றான். "அக்கா, நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க. ஒரே ஒரு தடவை முகத்தைப் பாத்துடறேன்" என்று போனில் அழுதான். சரிடா, வா என்று சொல்லிவிட்டேன். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கே.கே. நகரில், கத்திரி வெயிலில், ஒரு உடம்பை ஒன்றரை நாள் கெடாமல் வைத்திருப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

புத்தூரிலிருந்து வேனில் ஐஸ் பெட்டி வந்தது. கண்ணாடி மூடி, கீழே மோட்டார், பக்கவாட்டில் குளிரின் அளவைக் காட்டும் சின்னத் திரை. கூடத்தில் வைப்பதாகத்தான் இருந்தோம். நடையில் பெட்டி திரும்பவே இல்லை. நாலு பேர் இப்படிச் சாய்த்தும் அப்படிச் சாய்த்தும் பார்த்துவிட்டு, போர்டிகோவிலேயே இறக்கிவிட்டார்கள். எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. பன்னிரண்டு மணிக்கு மேல் போர்டிகோவில் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

பெட்டிக்காரர் நிதானமான மனிதர். போகிற போக்கில் எனக்குப் பாடம் எடுத்தார். "மூடியத் திறக்காதீங்கம்மா. இந்தக் கம்பி ஜாலி வழியாத்தான் மோட்டார் சூடு வெளிய வரும், மாலையைப் போட்டு அடைச்சுடாதீங்க. இன்வெர்ட்டர்ல போடவே போடாதீங்க, தாங்காது. கரண்ட் மட்டும் சீரா வந்தாப் போதும், பெட்டி பாட்டுக்கு ஓடும்."

"வரலைன்னா?"

"வரும்மா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அவருக்கு அடுத்த வீடு காத்திருந்தது.

அப்பாவை உள்ளே வைத்து மூடியதும் அம்மா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள், "அவருக்குக் குளிர் ஆகாதேடி."

ஆகாதுதான். அது எங்கள் தெருவுக்கே தெரியும். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டினால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். முக்கொம்புக்குப் போனால், பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் இருக்க, இவர் மட்டும் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். மே மாதத்திலும் வெந்நீர்க் குளியல்தான். அதை அம்மா கை விட்டுப் பதம் பார்த்து, "சரியா இருக்கு, வாங்க" என்று சொன்ன பிறகுதான் குளியலறைக்குள் போவார். கல்யாணமான நாளிலிருந்து இது தவறியதில்லை.

"ஒரு கம்பளியாவது போத்திவிடேன்" என்றாள் அம்மா.

"கம்பளி போத்தினா குளிர் உள்ள போகாதும்மா."

"அதுக்குத்தானே போத்தச் சொல்றேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. துக்கம் வரவேண்டிய நேரத்தில் எல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும், அது என் சுபாவம். "பேசாம உள்ள போய் உக்காரும்மா" என்றேன். அவள் உள்ளே போகவில்லை. பீரோவிலிருந்து பழுப்புக் கம்பளியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் இரண்டு மணிக்குப் பெட்டி திணற ஆரம்பித்தது. மோட்டார் ஒருமுறை உறுமும், கடகடவென்று ஆடும், நின்றுவிடும். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. என் கணவர் ஃப்ரிட்ஜிலிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினார். அதன் முள் அடியில் கிடந்தது. தெருவில் அத்தனை வீட்டிலும் ஏசி ஓடுகிறது, வோல்டேஜ் எங்கிருந்து வரும் என்றார்.

நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் கிளம்பி, வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். "அப்பாவ வெளியில வச்சிருக்கோம். பெட்டி ஓடமாட்டேங்குது. கொஞ்ச நேரம் உங்க ஏசியை நிறுத்துறீங்களா?" வாழ்க்கையில் யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டுப் போனவள் இல்லை நான். எல்லோரும் நல்லவர்கள். "இதக்கூடச் செய்யமாட்டமா, போங்க, போங்க" என்றார்கள். வீட்டுக்குத் திரும்பியபோது முள் நடுவில் நின்றது, மோட்டார் சீராக ஓடியது. அரைமணி நேரம் ஓடியிருக்கும். அப்புறம் முள் மெல்ல மெல்ல இறங்கியது. யாரைக் குற்றம் சொல்வது? அந்த வெயிலில் நானும் ஏசியைப் போட்டிருப்பேன்.

மூன்று மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. வந்த வேகத்தில் மூடியைத் தூக்கப்போனாள். நான் குறுக்கே கையை வைத்தேன்.

"தொடக்கூடாது அத்த. குளிர் போயிடும்."

"எங்கண்ணன நான் தொடக்கூடாதா? நீ யாருடி, போலீஸா?"

"தம்பி வரணும் அத்த. அதுவரைக்கும் முகம் நல்லா இருக்கணும்."

அத்தை கண்ணாடியின் மேல் கன்னத்தை வைத்து அழுதாள். அவள் நிமிர்ந்தபோது கண்ணாடியில் ஆவி படிந்து அப்பாவின் முகம் மறைந்துபோயிருந்தது. வெளியே அனலும் உள்ளே குளிருமாக, துடைக்கத் துடைக்க மூடி வியர்த்துக்கொண்டே இருந்தது. கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்துத் துடைத்தேன். ஒவ்வொருவர் மாலையோடு வரும்போதும் நான் முந்திப் போய் ஜாலியின் மேல் விழாதபடி வாங்கிக் கீழே வைத்தேன். வந்தவர்கள் என் அழாத முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவர்களுக்கு என்ன, மாலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இருட்டிய பிறகு வோல்டேஜ் கொஞ்சம் தேறியது. இரவை எப்படியோ ஓட்டினோம்.

மறுநாள் பதினோரு மணிக்கு மின்சாரமே போய்விட்டது. எங்கோ ஒயர் அறுந்துவிட்டதாம். எப்போது வரும் என்று கேட்டால், ஆள் போயிருக்கிறது என்றார்கள். மோட்டார் நின்ற பிறகு வந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. திரையும் அணைந்துவிட்டதால், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு எண்கூட இல்லை. ஜெனரேட்டருக்குச் சொன்னோம், முகூர்த்த நாள், எல்லாம் மண்டபங்களுக்குப் போயிருக்கிறது என்றார்கள். என் கணவர் ஐஸ் பாளம் வாங்கிவரப் போனார். பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதுக்கு மேல வச்சிருக்கறது அவனுக்கு நாம செய்யற மரியாதை இல்லம்மா. எடுத்துடலாம். பையன்கிட்ட நான் பேசிக்கறேன்."

தம்பிக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வானத்தில் எங்கோ இருந்தான். எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். அன்று ஒவ்வொரு விமானத்தின் சத்தத்துக்கும், அது அவனுடையதாக இருக்காது என்று தெரிந்தும், எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

"அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம் பெரியப்பா" என்றேன். பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்குகளைப் போட்டேன். பழைய வேட்டி ஒன்றை வெயில் படாமல் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கடைசி நாலு நாள் புத்தூரில் ஐசியூவில் இருந்தார். "குளிருதும்மா. அந்த மிஷினை நிறுத்தச் சொல்லேன்" என்று நான் போகும்போதெல்லாம் கேட்டார். நர்ஸிடம் கேட்டேன், மற்ற நோயாளிகளும் இருக்கிறார்களே என்றாள். நியாயம்தான். "கொஞ்சம் பொறுத்துக்கங்கப்பா. வீட்டுக்குப் போயிட்டா வெதுவெதுன்னு இருக்கலாம்" என்றேன். வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருந்தேன். ஒரு நாளாக, அவரைச் சுற்றிக் குளிர் போதவில்லை என்று ஊரையே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஒன்றேகால் மணிக்கு மின்சாரம் வந்தது. ஐஸ் பாளம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தம்பி ஐந்து மணிக்கு வந்தான். நான் எழுந்து மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்த குளிர் என் முகத்தில் அடித்தது. அப்பாவின் முகம் நன்றாகவே இருந்தது, தூங்குகிற முகம்தான். அவன் குனிந்து கன்னத்தில் கையை வைத்தான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"ஏங்க்கா இவ்வளோ சில்லுனு இருக்காரு?"

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவனுக்காகத்தானே இத்தனையும். ஆனால் அவன் கேட்டதில் தப்பு இல்லை. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தானே. நான் அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். யாரையும் தொட விடாமல் காத்ததில் நானும் தொட்டிருக்கவில்லை. இரண்டு நாள் அழுகையும் அப்போது மொத்தமாக வந்தது.

நேரமாகிறது என்று பெரியப்பா அவசரப்படுத்தினார். அப்பாவை வெளியே எடுத்துப் பெஞ்சில் கிடத்தினார்கள். கொல்லைக் குழாயிலிருந்து குடம் நிரம்பி வந்தது. மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெயிலில் கிடந்த தண்ணீர். குடத்தை வாங்கிய பெரியப்பா விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சுடுதே. கொஞ்சம் பச்சத்தண்ணி கலந்துக்கலாமா?"

அம்மா கம்பளியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துவந்தாள். குடத்துக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள்.

"கலக்காதீங்க. சரியா இருக்கு" என்றாள். "ஊத்துங்க."