பங்கு போட்ட மாத்திரை

அமிர்தலிங்கம் பீடி தொடமாட்டார். சாராயக் கடை இருக்கிற தெருவில் நடக்கவும் மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தது. பேராவூரணிக்குக் கிழக்கே, தென்னந்தோப்பு முடிந்து கடல் தொடங்கும் அந்த ஊருக்கு அது போதாதா? ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்பது அங்கே எழுதாத சட்டம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று மீன் ஏலக்கூடத்தில் அவர் காதுபடவே கேட்டார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அவர் மானத்தைக் காப்பாற்றியது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த ஆய்வு. குடிக்காதவர்களுக்கு வருகிற ஈரல் கொழுப்பைக் குறைக்க ஒரு புது மருந்தை அங்கே சோதித்தார்கள். குடிப்பவருக்கு அதில் இடமே கிடையாது. துருவித் துருவிக் கேட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே டாக்டர் ஸ்ரீவித்யா அவரைச் சேர்த்துக்கொண்டார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆய்வு வேலை பார்க்கும் பிரதீபா என்ற பெண் இதையெல்லாம் பொறுமையாக விளக்கித்தான் கையெழுத்து வாங்கினாள். அன்று ஊருக்குள் அவர் நடந்துவந்த நடையைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை அழைப்பு தோற்றது.

முதல் தவணை மாத்திரை தீர்ந்து, காலி அட்டைகளோடு போனார். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையே என்று பிரதீபா பாராட்டினாள்.

அமிர்தலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எப்படி மிஞ்சும் பாப்பா? படகுல நாங்க நாலு பேருல்ல."

கடலில் கிடைப்பது அங்கே ஒருவருக்குச் சொந்தமில்லை. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கொண்டுபோகிற சோறும் குழம்பும்கூட அப்படித்தான். வயிறு மந்தம், நெஞ்செரிச்சல் என்று கூட்டாளிகள் முனகிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் மாத்திரையை விழுங்க அவருக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கொடுத்துவிட்டார்.

பிரதீபாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனேய்யா."

"வேற யாருக்கும் குடுக்கலையே. எம் படகு ஆளுங்களுக்குத்தான் குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தின்றது மருந்தா மாவா என்று தெரியாததால் மூன்று பேரையும் உடனே அழைத்துவந்து ரத்தம் பார்க்க வேண்டும், ஆய்வை மேற்பார்வையிடும் குழுவுக்கும் எழுத வேண்டும் என்றார். அமிர்தலிங்கம் ஆய்வில் நீடிப்பாரா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு ஒரே யோசனை. ஆய்விலிருந்து பேரை அடித்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? குடித்து மாட்டிக்கொண்டான் என்றுதானே சொல்லும்? விஷயத்தை அமுக்கி, மூவரையும் ஓசைப்படாமல் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் அவர் நேரே ஏலக்கூடத்துக்குப் போய், எல்லாரும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார். கூட்டாளிகளுக்கு ஊசி என்றால் பயம், கடலுக்குப் போகும் நாளை விட மனமில்லை. ரத்தம் பார்க்கும்வரை படகு நகராது என்று நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நாலு பேரும் தஞ்சாவூரில் இருந்தார்கள். மாத்திரையால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவனான, அவருடைய அக்கா மகன் வசந்தகுமாரின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தது. வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. இன்னும் சில வருஷம் கவனிக்காமல் விட்டிருந்தால் ஈரலே சுருங்கியிருக்கும் என்றார் டாக்டர். அன்றே அவனுக்கு வைத்தியம் தொடங்கியது.

அமிர்தலிங்கத்தின் பேரையும் அடிக்கவில்லை. "சேர்ந்தவங்களைக் கடைசிவரைக்கும் விடக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதிட்டோம். அதுதான் ஆய்வு" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு படகில் அவர் மாத்திரையைப் பிரிக்கும்போதெல்லாம் மற்ற மூவரும் வேண்டுமென்றே கடலைப் பார்ப்பார்கள்.

ஆய்வு முடிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. யாருக்கு எது என்று உறையைப் பிரித்தபோது அமிர்தலிங்கத்துக்குக் கிடைத்தது மாவு. இனி அசல் மருந்தே தருகிறோம் என்று டாக்டர் கொடுத்தனுப்பினார்.

அவர் மனைவி எல்லையம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாவுக்கா இம்புட்டு நியாயமா பங்கு போட்டீங்க?" என்றாள். ஏலக்கூடத்திலும் அதே கேலி. இத்தனை நாள் அலைந்து மாவு தின்றுவிட்டு வந்திருக்கிறாரே என்றார்கள்.

அமிர்தலிங்கம் கூடையைக் கீழே வைத்தார். "மருந்து ஜெயிச்சுதுங்கறாங்கல்ல, யாரை ஜெயிச்சுது? மருந்து திங்காத ஆளு ஒருத்தன் எதிர்ல நின்னாத்தானே தெரியும்? குடிக்காதவனா நிக்கணும், பொய் சொல்லாதவனா நிக்கணும். நான் நின்னேன்."

கேலி பேசிய வாயெல்லாம் மூடிக்கொண்டது. வலை உதறிக்கொண்டிருந்த வசந்தகுமார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் நின்றான்.