பிளக்கைப் பிடுங்கியவர் முதலிடம்

அன்பழகனின் லீவு விண்ணப்பத்தை மேனேஜர் திருப்பிக் கொடுத்த அன்றுதான், நான் எழுதிய இருபது வரி புரோகிராம் ஒருவருடைய வீடு வரைக்கும் பாயும் என்று தெரிந்தது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் வால்வு, பைப் சப்ளை செய்யும் கம்பெனி. டேட்டா என்ட்ரிக்கு வந்து, பார்த்துப் பார்த்தே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டவன் நான். "தெரியாதுன்னு சொல்லத் தெரியாதவன் தலையிலதான் எல்லா வேலையும் விழும்" என்பார் எங்கள் ரூம் சமையல்காரர். இதுவும் அப்படி விழுந்ததுதான்.

"குடோன்ல யாரு வேலை பாக்குறான், யாரு ஓபி அடிக்கிறான்னு சிஸ்டமே எனக்குச் சொல்லணும்ப்பா" என்றார் மேனேஜர்.

இரண்டு டிரிகர் எழுதினேன். ஒருவர் டேட்டாபேஸுக்குள் நுழைந்ததும் லாகான் டிரிகர் தானாக ஓடி, பெயரையும் நேரத்தையும் பதியும். வெளியேறும்போது லாகாஃப் டிரிகர் ஓடி அந்த வரியை முடிக்கும். முடியாத வரி இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று ரிப்போர்ட்டில் கணக்கு வைத்ததும் நானே.

குடோனில் இருவர். அன்பழகன் ரேக்கில் சரக்கு எண்ணப் போனால்கூட முறையாக லாகாஃப் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். செல்வம் வேறு ரகம். சாயங்காலம் எங்களைத் தங்குமிடத்துக்கு ஏற்றிப்போகும் கேம்ப் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தியதும் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடுவார். அப்படிப் பிடுங்கினால் லாகாஃப் டிரிகர் ஓடாது. அது எனக்கு அப்போது தெரியாது.

மாதக் கடைசியில், யார் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்று ரிப்போர்ட் வந்தது. செல்வம் முதலிடம், அன்பழகன் கடைசி. செல்வத்துக்குச் சான்றிதழ் அடிக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

அன்பழகன் என் மேஜைக்கு வந்து நின்றார். "அடுத்த வாரம் வீட்டுல பிரசவம்ணே. டாக்டர் தேதி குடுத்துட்டாங்க. இவரு, நீ வேலையே பாக்கல, லீவு மாஃபி, கிடையவே கிடையாதுங்கிறாரு. நான் என்னண்ணே பண்ணேன்?"

ரிப்போர்ட்டைத் திறந்தேன். செல்வத்தின் மணி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், செல்வம் லீவுல ஊருக்குப் போய் ஒன்பது நாளாச்சு."

சற்று யோசித்தார். "அங்கேருந்தும் வேலை பாக்குறானா? எவ்ளோ சின்சியர் பாரு."

"பிளக்கைப் பிடுங்கிட்டுப் போயிருக்கார் சார். அவர் போனதே சிஸ்டத்துக்குத் தெரியல."

"சிஸ்டம் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார். நான் எழுதினது தப்பு."

"அப்ப தப்பு உன்னோடது."

"ஆமா சார்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தார் போல. எனக்கு மெமோவும் அன்பழகனுக்கு லீவும் ஒரே பேனாவில் கையெழுத்தாயின. பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பே அன்பழகன் ஊர் போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வந்தவர் எல்லோரையும் லாகான் டிரிகர் அறியும். போனவர்களில், சொல்லிக்கொண்டு போனவரை மட்டுமே லாகாஃப் டிரிகர் அறியும். அதை வைத்து மனிதர்களை எடை போடாதீர்கள்.

அடித்த சான்றிதழை மட்டும் மேனேஜர் வீணாக்கவில்லை. குடோன் சுவரில் மாட்டச் சொன்னார். ஊரிலிருந்து திரும்பிய செல்வம் அதை அண்ணாந்து பார்த்தார்.

"இது எதுக்குண்ணே எனக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடினார்.