துடுப்பில் கட்டிய சீலை

அன்று வள்ளத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தன் அந்தோனி, சுக்கான் பிடித்தவன். அவன் மைத்துனன் சூசை, பாய்க்கயிற்றுக்கு. மாப்பிள்ளையூரணியிலிருந்து கூலிக்கு வருகிற சுடலைமுத்து. நம் வேதக்காரர் இல்லை, ஆனாலும் வந்தார். நாலாவது ஆள் நான். மரியம்மாள், கருவாடு விற்கிறவள், விதவை.

எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. நான் ஏறினேன். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையார் அறியவேண்டும். எனக்கு எழுத்து குறைவு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் ஒரே மகள் செபஸ்தியாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் சம்பளமில்லாமல் படித்தாள். அந்தக் கன்னியர்களே சிபாரிசு செய்து, கொழும்பில் சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் வந்து ஜனங்கள் வீடு வாசலில்லாமல் நிற்கும்போது அவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு படிப்பு. கக்கூஸ் எங்கே தோண்டுவது, உள்ள தண்ணீரை எப்படிப் பங்கு வைப்பது, நோய்ப்பட்டவனை எங்கே படுக்கவைப்பது. அதெல்லாம் பாடம்.

தெருவே சிரித்தது. முதல் சிரிப்பு அந்தோனியுடையது. கோயில் வாசலில் வைத்தே கேட்டான்.

“மதினி, பீ அள்ளுததுக்கு யுனிவர்சிட்டி எதுக்கு? நம்ம ஊர்லயே சொல்லிக் குடுப்பாங்களே.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. மகளை நானே கப்பலேற்றினேன்.

உலகச் சண்டை முடிந்து இரண்டாவது வருஷம், வைகாசி மாதம். கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற கச்சான் காற்று ஓங்கி அடித்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை போய் ஊர் திரும்புகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து ஒரு சின்னக் கப்பல் வந்தது. அவர்களோடு போய்ப் பார்த்து எழுதிவா என்று சர்வகலாசாலையில் செபஸ்தியாளை அனுப்பியிருந்தார்கள். வருகிறாள் என்று எனக்குத் தெரியும். மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தேன்.

கப்பல் கரைக்கு ஆள் இறக்கவில்லை. தூரத்திலேயே நங்கூரம் போட்டு மஞ்சள் கொடி ஏற்றிவிட்டது. உள்ளே வாந்திபேதி.

மீன் பிடித்துவிட்டு அந்தப் பக்கமாக வந்த சூசை கரையில் இறங்கியதும் நேரே என்னிடம் வந்தான். அவன் முகம் சரியில்லை.

“மஞ்சக் கொடிக்குப் பக்கத்துல ஒரு துடுப்பு நட்டிருக்குக்கா. துடுப்புல சீலை கெட்டியிருக்கு.”

கடலில் மாட்டிக்கொண்டவன் துடுப்பை நிமிர்த்தித் துணி கட்டினால், பார்த்தவன் போகவேண்டும். பகையாளி என்றாலும் போகவேண்டும். இது எங்கள் கரைப் பழக்கம். அந்தக் கப்பல்காரர்கள் வேற்றூர்க்காரர்கள். அவர்களுக்கு இது தெரியாது. அதைக் கட்டியவள் என் மகள்தான்.

குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அங்கிருந்து அவள் கத்தியதும் சூசையின் காதில் விழுந்திருக்கிறது.

துறைமுக ஆபீசில் போய் நின்றேன். அங்கிருந்த ஐயா கெட்டவர் இல்லை. டாக்டர் போய்ப் பார்க்கிறவரை எந்தப் படகும் நெருங்கக்கூடாது, ஊருக்குள் பேதி வராமல் இருக்கத்தான் அந்தச் சட்டம் என்றார். டாக்டர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போயிருந்தார். நாளை மறுநாள்தான் வருவாராம். தண்ணீரில்லாமல் பேதிக்காரன் நாளை மறுநாள் வரை இருப்பானா என்று கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

கடற்கரைக்குப் போனேன். அந்தோனியுடையதைத் தவிர ஒவ்வொரு வள்ளமாகக் கேட்டேன். யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒருவர் மட்டும் வாய் திறந்து, மஞ்சள் கொடி தூரப் போ என்கிறது, துடுப்புத் துணி வா என்கிறது, நாங்கள் எதைக் கேட்கிறது என்றார்.

உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனேன். ஆள் இல்லை. நான் முழங்கால் போடவில்லை. மெழுகுதிரி வாங்கவில்லை. நேர்ச்சை எதுவும் நேரவில்லை. தேவமாதாவின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னேன். தாயே, என் புருஷனைக் கடல் எடுத்தபோது உம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன். மகளைக் காப்பாற்றும் என்று கெஞ்ச வரவில்லை. அவள் அங்கே வேலையாக இருக்கிறாள். அவளுக்குத் தண்ணீர் போகவேண்டும். ஒரு வள்ளமும் மூன்று ஆளும் தாரும். தராமல் நான் இந்த இடத்தைவிட்டுப் போகமாட்டேன்.

இது செபமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் செய்தது அதுதான்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். அந்தோனி நின்றான். உள்ளே வரவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“மதினி, சூசை சொன்னான். வள்ளத்தை இறக்கியாச்சு. ஆளு மூணு. கச்சான்ல திரும்பி வரணும்னா தண்ணி இறைக்க ஒரு ஆளு வேணும். ஒருத்தனும் வரமாட்டேங்கான்.”

“நான் வாரேன்.”

“பொம்பளை ஏறக்கூடாதுல்லா.”

“அங்கன சீலையைக் கெட்டுனவ ஆம்பளையாலே?”

அவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கழுவி, தண்ணீர் நிரப்பிப் போனோம். காற்று பின்னாலிருந்து தள்ளியது. கப்பலின் பக்கம் போனதும் நாற்றம் வந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு செபஸ்தியாள் நின்றாள். உடம்பில் பாதிதான் இருந்தாள். எங்களைப் பார்த்து அவள் அழவில்லை.

“சித்தப்பா, மேல யாரும் ஏறாதீய. கயித்தை மட்டும் போடுங்க.” பிறகு என்னைப் பார்த்துவிட்டாள். “எம்மா, நீ வள்ளத்துலயா? இனி ஊர்ல மீனே படாதுன்னு சொல்லப்போறாவ.”

சுடலைமுத்து சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தகரங்கள் மேலே போயின. அந்தோனி அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

“ஏளா, இதுக்குத்தான் படிச்சியா?”

“இதுக்குத்தான் சித்தப்பா. அடுத்த நடைக்குக் கொதிக்க வச்ச தண்ணி கொண்டாங்க. உப்பும் வேணும்.”

திரும்புவதுதான் பாடு. அலை உள்ளே வந்துகொண்டே இருந்தது. நான் இறைத்துக்கொண்டே இருந்தேன். கரையில் அந்த ஆபீஸ் ஐயா இரண்டு போலீஸ்காரரோடு நின்றார். யாரைக் கேட்டுப் போனாய் என்று அந்தோனியைக் கேட்டார். துடுப்பில் துணி கட்டியிருந்தது, அதனால் போனோம், மறுபடியும் போவோம் என்றான். ஊருக்குள் கால் வைக்கக்கூடாது, தனியாக ஓலைக் கொட்டகை போட்டு இருங்கள், மற்றதை நான் பார்க்கவில்லை என்றார் ஐயா.

மூன்று ஆள்தான் கேட்டேன். தெரு முழுக்க வந்தது. அசன விருந்துக்குச் சோறு பொங்குகிற கோயில் கிடாரங்களைப் பெண்கள் கடற்கரைக்கு உருட்டி வந்தார்கள். பனைமட்டை எரித்துத் தண்ணீர் காய்ச்சினார்கள். தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் எடுத்துப் போவோம். பிறகு அங்கேயும் இங்கேயும் நாலைந்து வள்ளங்கள் இறங்கின. டாக்டர் வந்து மருந்து தரும்வரை நடை நிற்கவில்லை.

எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொன்னால் பொய். கைப்பிள்ளைகள் போயின. ஒரு தாயின் உடலைக் கடலில் இறக்கியதை நான் பார்த்தேன். ஏன் என்று மாதாவிடம் இன்றைக்கும் கேட்கிறேன். கேட்பதை நிறுத்தமாட்டேன்.

கப்பலை விட்டுக் கடைசியாக இறங்கியவள் என் மகள்தான். உடம்பு தேறியதும் மறுபடியும் கொழும்புக்குப் புறப்பட்டாள். பட்டது போதாதா, மறுபடியுமா என்றார்கள். மறுபடியும்தான் என்றேன். அந்தோனி அவள் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தான். இப்போது அவன் இளைய மகளும் கன்னியர் பள்ளியில் படிக்கிறாள்.

டாக்டர் மருந்து காப்பாற்றியது, உன் செபம் என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். நான் மருந்தைக் கேட்கவில்லை. ஆள் கேட்டேன். என் வாசலை மிதிக்காதவனையே மாதா கூட்டிவந்து நிறுத்தினாள். மருந்தும் வந்தது. அதற்கும் தோத்திரம்.

சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். பேரம் பேசாதீர்கள். என்ன வேண்டுமோ அதை நிமிர்ந்து நின்று கேளுங்கள். கேட்டபின் வள்ளத்தில் ஏற மனதாயிருங்கள்.

அந்தக் கப்பலிலிருந்து உயிரோடு இறங்கியவர்களைக் கரையில் நின்று நானே எண்ணினேன்.

ஐம்பத்து மூன்று.