நிற்கக் கூடாது என்று நான் கேட்ட வண்டி

என் மகள் ஆபிரிக்காவில் ஒரு உப்பு வெளிக்குள் காணாமல் போயிருந்தாள். நான் ரொறன்ரோவில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, வெட்டிவிட்டேன். சகோதரங்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்த இந்த வேலையை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஷாமினி எனக்கு ஒரே பிள்ளை. தாயைப் புற்றுநோய் கொண்டுபோய் ஐந்து வருடமாகிறது. தாதிப் படிப்பு முடித்தவள் இங்கே மில்லிக்கனில் வீட்டோடு இருந்து வேலைக்குப் போகலாம்தானே. இல்லை, பொட்ஸ்வானாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலை என்று வெளிக்கிட்டாள். சரி, அதுவும் ஒரு ஊழியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அங்கே போன பிறகு லீவு கிடைத்தால் போதும், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். ஆற்றில் வள்ளம் விடுவாள், யானை திரிகிற காட்டில் படுப்பாள். படம் படமாக அனுப்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இருபத்திரண்டு வயதில், ஊரில் போர் நடந்தபோது, செல்லடிக்குப் பயந்து காட்டுக்குள்ளால் ஓடி வந்தவன்.

கடந்த ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அழைத்தாள். தோழி ஒருத்தியோடு உப்பு வெளிப் பக்கம் போகிறாளாம். பெரிய ஏரியொன்று வற்றிப்போன இடம், கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைத் தரை, அதன் கரையில் ஒரு முகாம் இருக்கிறது என்றாள். போகிற பாதையையும் சொல்லத் தொடங்கினாள்.

"நாங்கள் உயிர் தப்பக் காட்டுக்குள்ளால வந்தனாங்கள். நீ காசு குடுத்துக் காட்டுக்குள்ள போறாய். எனக்கு ஒண்டும் சொல்லாத."

போனை வைத்துவிட்டேன். பிறகு ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். கேட்காமலே அழித்தேன். கோபத்தில் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு நோக வேண்டும் என்றுதான் அழித்தேன்.

ஞாயிறு காலை தெரியாத நம்பர் மூன்று தரம் வந்தது. இந்த ஊரில் தெரியாத நம்பர் என்றால் ஒன்றில் டக்ட் கிளீனிங், வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவாக்குகிறோம் என்று வியாபாரம் பேசுகிறவன், இல்லாவிட்டால் வரி கட்டவில்லை, பொலிஸ் வருகிறது என்று வெருட்டுகிறவன். மூன்று தரமும் வெட்டினேன். ஒன்பதே முக்காலுக்கு, சபைக்கு முன்னால் காரை நிறுத்தும்போது, நாலாம் தரம் அடித்தது. நல்லாய் ஏசிவிட வேண்டும் என்றே எடுத்தேன்.

அந்த முகாமின் சொந்தக்காரி பேசினாள். ஷாமினியும் தோழியும் சனிக்கிழமை பின்னேரமே வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை, அவசரத்துக்கு உங்கள் நம்பரைத்தான் தந்திருக்கிறாள் என்றாள். உப்பு வெளிக்குக் கிழக்கால் ஒரு பாதை, மேற்கால் ஒரு பாதை. அனுப்புவதற்கு அவளிடம் ஒரு வண்டிதான் நின்றது. மகள் எந்தப் பாதையால் வருவதாக உங்களிடம் சொன்னாள் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். வேறு யாருக்காவது தெரியுமா என்றாள். அதுவும் தெரியாது. காலையிலிருந்து ஏன் எடுக்கவில்லை என்று மெதுவாகத்தான் கேட்டாள். கிழக்குப் பக்கம் வண்டியை அனுப்புகிறேன், அங்கே இல்லையென்றால் மற்றப் பக்கம் நாளைக்குத்தான் என்றாள். எங்களுக்குப் பன்னிரண்டு மணியாகும்போது அங்கே பொழுது பட்டுவிடும். அவர்களிடம் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

சபையில் மூத்தவரான ராசன் அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து காருக்குள் ஏறினார். மகளின் சிநேகிதிகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஒருத்தியின்ர பேரும் எனக்குத் தெரியாது அண்ணை," என்றேன். பெற்ற தகப்பன் சொல்கிற சொல்லா இது? வெட்கமாக இருந்தது.

உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. நாங்கள் காரிலேயே ஜெபித்தோம். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: ஆண்டவரே, அந்த வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது, நேரே என் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும்.

பதினொன்று பத்துக்கு முகாமிலிருந்து அழைப்பு வந்தது. கிழக்குப் பாதையில் மரக்கட்டை குத்தி ரயர் கிழிந்துவிட்டதாம். மாற்ற அரை மணித்தியாலம் செல்லும்.

ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தேன். ஹோர்ன் அலறியது. உமக்கு இரக்கமே இல்லையா என்று கத்தினேன். ராசன் அண்ணை பிரசங்கம் ஒன்றும் வைக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில். அங்கே என் பிள்ளைக்கு இருட்டப் போகிறது. கடைசியில் கேட்பதற்கும் என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. "அவளைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது ஆண்டவரே. உமக்குத் தெரியும்," என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது மறுபடி அடித்தது. ரயர் மாற்றும் நேரத்தில் சாரதி சும்மா வண்டிக் கூரையில் ஏறி நின்றிருக்கிறான். மரங்கள் விலகியிருந்தது அந்த ஓரிடத்தில்தான். வெள்ளைத் தரைக்கு அப்பால், மேற்குப் பக்கம், கறுப்பாக மெல்லிய புகை. ஓடிக்கொண்டிருந்திருந்தால் புழுதிக்குள் அதைக் கண்டிருக்கவே மாட்டேன் என்றானாம். உப்புத் தரை உடைந்து கார் அச்சு வரை புதைந்து கிடந்தது. பிள்ளைகள் காரின் கால்மிதி றப்பர்களை ஒவ்வொன்றாக எரித்திருக்கிறார்கள். அவன் கண்டது கடைசி றப்பரின் புகை. தண்ணீரும் அரைப் போத்தல்தான் மிச்சம். இடம் தெரிந்ததால் இருட்டிலும் சுற்றிப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒன்றரைக்கு அவள் குரலைக் கேட்டேன்.

"அப்பா, நான் அனுப்பின வொய்ஸைக் கேட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அழிச்சுப்போட்டன்."

"நடந்து போவம் எண்டு என்னோட வந்தவள் அழுதவள். நான்தான் விடேல்லை. அப்பாவுக்குப் பாதை தெரியும், ஆக்கள் வருவினம் எண்டு சொல்லிச் சொல்லி வைச்சிருந்தனான்."

பிள்ளை என்னை நம்பி இருந்தாள். நான் நம்பத் தகுந்தவனாய் இருக்கவில்லை. ஆண்டவர் என் இடத்தில் நின்றார். நான் கேட்டதை மறுத்து, என் பிள்ளையைத் தந்தார். சாகும்வரை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

உங்களில் யாராவது ஜெபித்ததற்கு நேரெதிராக நடக்கிறதைப் பார்த்துக் குமைந்துகொண்டிருந்தால், கத்துங்கள், அழுங்கள், ஆனால் அவரை விட்டுப் போகாதேயுங்கள். எல்லாம் நின்றுபோன இடத்திலும் அவரால் செய்ய முடியும்.

அடுத்த வாரம் ஷாமினி ஒரு மலை ஏறப் போகிறாள். பயம் எனக்கு விட்டுப்போகவில்லை. நேற்று அழைத்தபோது, போகாதே என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். எந்தப் பாதையால் போறாய் பிள்ளை என்று கேட்டேன். நாற்பது நிமிடம் சொன்னாள். ஒன்றும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.