வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

1. ஜனவரியில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி எங்கள் மையத்தில் சேர்ந்தாள்.
2. மார்ச் முடியும்வரை அவள் அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.
3. பேச்சு வளர்ச்சியில் தாமதம் இருக்கலாம், மதிப்பீட்டுக்கு அனுப்புவோம் என்றார் வகுப்பாசிரியை.
4. அதைக் கேட்ட அப்பா, ஜூன் விடுமுறைக்குள் பிள்ளை பேசாவிட்டால் தாயையும் பிள்ளையையும் மன்னார்குடிக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.
5. அம்மா பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.
6. நான் அவர்கள் குடியிருக்கும் சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டுக்குப் புறப்பட்டேன்.

இப்படி எண் போட்டு வைத்துக்கொண்டால்தான் எனக்கு யோசனை ஓடும். படித்தது மின்னணுப் பொறியியல். சில ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும் இந்தச் சிறு கற்றல் மையத்துக்கு வந்தேன். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், தொடக்கப்பள்ளி வயது எட்டாதவர்கள், இங்கே வருகிறார்கள். நான் பாடம் எடுப்பதில்லை. வீட்டில் நடப்பதை ஆசிரியைக்கும், வகுப்பில் நடப்பதை வீட்டுக்கும் தெரியவைப்பதும், எட்டிப் பார்க்கத் தயங்கும் பெற்றோரை மையத்துக்குள் உட்காரவைப்பதும் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்கிறேன்.

ஆசிரியை இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அனுபவத்தில் என்னைவிட மிகவும் மூத்தவர். அந்தப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார், தமிழில் பேசிப் பார்த்தார். இரண்டுக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சொன்னதைச் செய்தாள், வண்ணம் தீட்டினாள், கதை நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

"கூச்சப்படுற பிள்ளைங்கள நான் நிறைய பார்த்திருக்கேன் மா," என்றார் ஆசிரியை என்னிடம். "கொஞ்ச நாள் போனா அதுங்க வாய மூடவே முடியாது. இது அது இல்ல லா."

நான் மறுக்கவில்லை. மதிப்பீட்டுக்கு நாள் கேட்டு எழுதினேன். ஆனால் பழைய வேலையின் பழக்கம் ஒன்று என்னோடு வந்திருந்தது. ஒரு பலகை இயங்கவில்லை என்றால், பழுது என்று எழுதுவதற்கு முன்னால் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பேன். வீட்டைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதாக இல்லை.

ஒரு வார நாளில், வகுப்பு முடிந்த மாலையில் போனேன். அப்பா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. கதவைத் திறந்த அம்மா, "வெல்கம், சிட்" என்றார். நான் தமிழில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல், இரண்டு சொல் பதில் சொன்னார். ஃபிரிட்ஜ், கதவு, நாற்காலி, அரிசி டப்பா என்று எல்லாவற்றிலும் ஆங்கிலப் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பிள்ளை தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் "கம்" என்றார், "வாஷ் ஹேண்ட்" என்றார், "ஈட்" என்றார். அவள் வந்தாள், கழுவினாள், தின்றாள். அதற்கப்புறம் மின்விசிறிச் சத்தம்தான்.

அப்போது அம்மாவின் கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து அவருடைய தங்கை. பிள்ளை பாய்ந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். நேராக இரும்புக் கதவைத் தாண்டிப் பொது நடைபாதைக்குப் போய், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"சித்தி, இன்னைக்கு மிஸ் ஒரு நண்டு கத சொன்னாங்க. அந்த நண்டோட ஷூ ஒன்னு காணாப்போச்சு. அதுக்குத்தான் எட்டு ஷூ இருக்கே, ஒன்னு போனா என்ன, இன்னும் ஏழு இருக்குல்ல? அதுக்குப் போய் அழுவுது சித்தி. லூசு நண்டு."

அந்தக் கதையைக் காலையில் ஆசிரியை சொல்லும்போது நானும் அறையில் இருந்தேன். முழுக்க ஆங்கிலத்தில்தான் சொன்னார். இவள் அதைப் புரிந்துகொண்டு, எட்டிலிருந்து ஒன்றைக் கழித்து, கதாநாயகனையும் திட்டி முடித்திருந்தாள். அடுத்து, பசையை நக்கிப் பார்க்கும் பையனைப் பற்றியும், ஆசிரியை தும்மும் விதத்தைப் பற்றியும் சித்திக்கு விவரமாகத் தகவல் போனது.

நான் திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் முகம் மாறியிருந்தது. கிட்டே வந்து, முதல் தடவையாகத் தமிழில், தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்."

எதை என்று கேட்டேன்.

"இவ தமிழ் பேசுறத. வீட்டுலயும் ஸ்கூல்லயும் இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லி வச்சிருக்காரு. இவளா ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கா. வாசலத் தாண்டிட்டா அது வீடு இல்லையாம்."

மீதியையும் அவரே சொன்னார். ஊர்க்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது, ஆங்கிலம் வராவிட்டால் இங்கே பள்ளியில் இடம் கிடைக்காது. உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்த பிறகு கடைசியாகத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் என்பதால் இந்தப் பயம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அன்றிலிருந்துதான் இந்தச் சட்டம்.

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவ மிஸ், தமிழ் மீடியத்துல. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் காலையில பத்து நிமிஷத்துல தீந்துடும். அப்புறம் நாள் பூரா இவகிட்ட என்னத்தப் பேசுறது? சும்மாதான் இருக்கோம், ரெண்டு பேரும்."

"சொல்லத்தான் போறேன் அக்கா," என்றேன். "இது நல்ல சேதி. அப்படித்தான் சொல்லுவேன்."

அப்பா செம்பவாங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பொறியாளர். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. எங்கள் மையத்தில் ஞாயிறு காலைகளில் பெற்றோரில் ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். சமையல்காரர் ஒருவர் மாவு பிசைந்து காட்டியிருக்கிறார், தாதி ஒருவர் எல்லாருக்கும் கட்டுப் போட்டுவிட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறுக்கு இவரை அழைத்தேன், கொஞ்சம் முன்னதாகவே வரச் சொல்லி.

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் மடிக்கணினியுமாக வந்தார். அவரை மட்டும் அலுவலக அறைக்குள் உட்காரவைத்து, நான் பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். செருப்பு அலமாரி, நண்டு, எட்டில் ஒன்று போனால் ஏழு. கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"நானும் தமிழ் மீடியம்தான் மேடம். இன்னைக்கும் மீட்டிங்ல நான் மனசுக்குள்ள வாக்கியத்தக் கட்டி முடிக்கிறதுக்குள்ள, பக்கத்துல இருக்கவன் அதையே சொல்லிட்டு நல்ல பேரு வாங்கிடுவான். எம் பொண்ணுக்கு அந்த நெலம வேண்டாம்."

"அண்ணே, அவளுக்கு இங்கிலீஷ் புரியுது. கதையில தப்பு கண்டுபிடிக்கிற அளவுக்குப் புரியுது. பேசத்தான் இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் அவ யோசிக்கிறத எந்தப் பாஷையில சொல்லுவா? இருக்கிற ஒன்னையும் நீங்க பேசாதன்னுட்டீங்க. சொன்னத அப்படியே கேக்குற பொண்ணு, வாய மூடிக்கிட்டா."

குழுவில் எல்லாரும் சொல்கிறார்களே என்றார். அவர்களில் யாரும் இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்துக்கு டிக்கெட் பார்த்து வைத்திருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மடிக்கணினியில் ஆங்கிலத்தில் படக்காட்சி தயார் செய்திருந்தார். முதல் பக்கத்தில் இருந்த சொற்கள் எனக்கே புதியவை. அன்று வந்திருந்த எல்லாருமே தமிழ்ப் பிள்ளைகள். படங்களை மட்டும் காட்டி, தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் தடுமாறினார். பிறகு ஒரு படத்தில் நின்றுவிட்டார்: தண்ணீர் வடிந்த பெரிய தொட்டிக்குள் ஒரு முழுக் கப்பல். அதன் அடிவயிற்றை எப்படித் தேய்ப்பார்கள், ஒட்டியிருக்கும் சிப்பிகளை எப்படிச் சுரண்டுவார்கள் என்று சொல்லச் சொல்ல அவர் கைகள் தாமாக அசைய ஆரம்பித்தன. குரல் பெரிதாகியது. அலுவலக அறையில் என்னோடு பேசியவர்தானா என்று இருந்தது.

"அப்ப கப்பலுக்குக் கால் இருக்காப்பா?"

முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மகள்தான். கேட்டுவிட்டு, செய்துவிட்ட காரியம் உறைத்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அறையில் மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. ஆசிரியை கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார். சுவரோரம் நின்ற அம்மா தரையைப் பார்த்தார். அப்பா அந்தச் சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடும்மா," என்றார். "கேளு. கால் இல்ல. கட்ட வச்சிருக்கோம், அதுமேல நிக்குது."

"அப்ப திரும்பக் கடலுக்குப் போகணும்னா கட்டைய யாரு உருவுவா?"

"யாரும் உருவ வேண்டாம். தண்ணிய உள்ள விடுவோம். கப்பல் தானா மேல எழும்பிடும்."

அவள் விடவில்லை. தண்ணீர் எந்த வழியாக வரும், மீனும் கூட வந்துவிடுமா, வந்த மீனை யார் பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். பசை நக்கும் பையன் குறுக்கே ஏதோ கேட்க, "நான்தான் மொதல்ல" என்று அவனை அடக்கினாள். ஆசிரியை என் காதருகே குனிந்து, "இதுக்குத் தாமதமா? நல்லா சொன்னேன் போ," என்று தன்னையே நொந்துகொண்டார்.

கிளம்பும்போது அப்பா என்னிடம் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அன்று நான் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. அக்காவைப் பேச விடுங்கள், அது போதும் என்றேன். சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூவரும் இறங்கினார்கள். அம்மா பிள்ளையிடம் எதையோ சொல்லிக்கொண்டே போனார். நீளமான வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும், அடுத்த திருப்பம்வரை முடியவில்லை.

மதிப்பீட்டை நான் ரத்து செய்யவில்லை. சந்தேகத்தைச் சோதித்தே தீர்க்க வேண்டும். தமிழ் தெரிந்த பேச்சு நிபுணர் ஒருவர் பார்த்தார். தாமதம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போதைய நிலை இது. ஜூனில் மூவரும் ஊருக்குப் போய், மூவருமாகத் திரும்பி வந்தார்கள். பிள்ளை மையத்தில் தமிழில் நிறையப் பேசுகிறாள், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறாள். அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.