ஒரு சாண் கீச்சான்

என் மாமாவுக்கு மீன் பிடிக்கத் தெரியும், பிடித்த மீனை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதுதான் தெரியாது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்த விஷயம் அவருக்குப் பிடிபடவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவருக்குத் துணையாக மாமாவும் எங்களோடு இருந்தார். ஆனால் கல்லாப் பக்கம் வரமாட்டார். பின்னாலிருந்த குடோன்தான் அவருடைய இடம். காரணம், அவருக்குப் பேச்சு திக்கும். துவரம்பருப்பின் முதல் எழுத்திலேயே அவர் நின்று போராடிக்கொண்டிருக்க, வாங்க வந்தவர் அடுத்த கடையைத் திரும்பிப் பார்ப்பார். "அவன் சொல்லி முடிக்கதுக்குள்ள பருப்பு முளைச்சிரும்" என்பார் அப்பா. கெட்ட எண்ணத்தில் இல்லை, எல்லாரையும் அவர் அப்படித்தான் பேசுவார்.

வீட்டில் எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மாமா வாயைத் திறந்ததும் மீதியை யாராவது சொல்லிவிடுவோம். "த" என்றால் தண்ணீர். "சா" என்றால் சாவி, சாப்பாட்டு நேரமாக இருந்தால் சாப்பாடு. அம்மா இதில் கெட்டிக்காரி. உதடு குவிகிற விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். நானும் அவளை முந்தப் பார்ப்பேன். சரியாகச் சொல்லிவிட்டால் மாமா தலையாட்டுவார், தவறாகச் சொன்னாலும் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். தண்ணீர் கேட்க வந்தவர் தட்டை வாங்கிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது. மாமா தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்புவார். வழியில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்று அம்மா என்னையும் கூட அனுப்புவாள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அவற்றின் இடுக்கில் புகுந்து அந்தப் பக்கம் போனால் கடல். கரையை அலை தின்றுவிடாமலிருக்க கடலுக்குள் நீளமாகப் பாறாங்கற்களைக் கொட்டியிருப்பார்கள். தூண்டில் வளைவு என்று அதற்குப் பெயர். அந்தக் கற்களின்மேல் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு தூண்டில் போடுவார்கள்.

எங்கள் இடத்துக்கு அடுத்த கல்லில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பாள். கழியெல்லாம் கிடையாது, பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு மட்டும்தான். காசிமேட்டில் ஓர் இறால் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸில் கை வைத்து, பெரிய இறால், நடுத்தரம், பொடி என்று பிரித்துப் போட வேண்டும். அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பக்கத்துக் குப்பத்தில் வீடு, அங்கே வயதான அப்பா. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அவள்தான் மீன் கொண்டுபோக வேண்டும்.

கல் இடுக்குகளில் அதிகம் சிக்குவது கீச்சான். உடம்பில் கறுப்புக் கோடும் முதுகில் முள்ளும் உள்ள சின்ன மீன். தூக்கியதும் கீச் கீச் என்று கத்தும். முதல் நாள் மாமா விரல் அளவு கீச்சான் ஒன்றைப் பிடித்துப் பையில் போடப் போனபோதுதான் அந்த அக்கா முதன்முதலாக எங்களிடம் பேசினாள்.

"அண்ணே, அத்த வுட்டுடுண்ணே. கொயந்த மீனு. ஒரு சாணு இருந்தா வெச்சுக்கோ. சாணுக்குக் கீய இருந்தா கடலுக்கு. சினையா இருந்தா எம்மாம் பெருசுனாலும் கடலுக்கு. அவ்ளோதான் கணக்கு."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மாமாவுக்குத்தான் புரியவில்லை. அடுத்த மீன் வந்ததும் அவள் பக்கம் நீட்டினார். அதற்கடுத்த மீனையும் நீட்டினார். வாரங்கள் போயின. ஒவ்வொரு மீனையும் நீட்டி, "இ... இ... இத..." என்று ஆரம்பிப்பார். அந்த அக்கா உடனே பதில் சொல்லிவிட்டாலாவது பரவாயில்லை. கேள்வி என்னவென்று அவளுக்கும் தெரியும்தானே? அவளோ மீனை வாங்கித் தன் வாளியிலிருந்த கடல் தண்ணீரில் விடுவாள். மீன் அதில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பாள். "இத வெச்சுக்கலாமா?" என்று அவர் கடைசி எழுத்துவரை போய்ச் சேர்ந்த பிறகுதான் வாளிக்குள் எட்டிப் பார்ப்பாள்.

"இது ஆவாதுண்ணே. வுட்டுடு."

என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நாள் நானே முந்திக்கொண்டு, "வெச்சுக்கலாமான்னு கேக்குறாரு" என்றேன்.

"உன்னியா கேட்டேன்?" என்றாள் அக்கா. கோபமாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் முந்தவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு நல்ல காரியம் செய்தேன். அம்மாவின் நகப்பூச்சை எடுத்து, தூண்டில் கழியில் ஒரு சாண் அளந்து சிவப்பாகக் கோடு போட்டேன். இனி மாமா யாரையும் கேட்க வேண்டியதில்லை, மீனைக் கழியோடு வைத்துப் பார்த்தால் போதும். கல்லில் உட்கார்ந்ததும் பெருமையாகக் காட்டினேன். மாமா அந்தக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. அந்த மதியம் மீன் கடித்தது. அவர் அளந்தார், விட்டார், அளந்தார், பையில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கல்லிலும் பேச்சில்லை. வேலை சுத்தமாக நடக்கிறதே என்று எனக்கு ஒரே திருப்தி.

கிளம்புகிற நேரத்தில் அக்கா எழுந்து வந்து கழியைக் கையில் வாங்கினாள். கோட்டின்மேல் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா இது? இது உன் சாணு. என் சாணு இது இல்லையே. அதுவுமில்லாம நீளத்த மட்டும் பாத்தா ஆவுமா? கண்ணப் பாக்கணும், செவுள பாக்கணும். இதெல்லாம் கோடு போட்டு வராது. கேட்டுத்தான் செய்யணும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மீண்டும் வாளி, மீண்டும் கேள்வி. இப்போது விதிகளும் கூடிவிட்டன. ஒரு வாரம் கண் கலங்கிய மீன் ஆகாது, மறு வாரம் வால் கிழிந்தது ஆகாது. ஒரு வாரம் நல்ல பெரிய கிழங்கான் மீனைப் பார்த்து, "இது இன்னாவோ சோகமா கீதுண்ணே" என்று விடச் சொல்லிவிட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பை நிறைவதாக இல்லை. பை நிறைந்தால்தானே வீட்டுக்குப் போக முடியும்? எனக்குக் கால் மரத்துப்போனது.

இந்த அநியாயத்தை ஓர் இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். "அந்த அக்கா பொய் சொல்லுறாம்மா. வாரத்துக்கு ஒரு சட்டம். மாமாவும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அம்மாவின் கை தட்டில் நின்றது. "யாரு? உங்க மாமாவா? பேசுதானா?"

"பேசிக்கிட்டேதான் இருப்பாரு."

அம்மா நம்பவில்லை. அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. ஊரில் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். முன்பு வந்த இடங்களெல்லாம் மாமா வாயைத் திறந்ததும் கலைந்துபோயிருந்தன. இந்தமுறை பெண் வீட்டாரிடம் பேச்சு திக்குவதைச் சொல்லவேயில்லை. "பையன் ரொம்ப அமைதி" என்று மட்டும் சொல்லியிருந்தாள். வருகிற மாதம் நேரில் பார்க்கும்போது மாமா தலையை மட்டும் ஆட்ட வேண்டும், தாலி கட்டும்வரை சமாளித்துவிடலாம் என்பது ஏற்பாடு. மாமா அதற்கும் தலையாட்டியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அம்மாவும் எங்களோடு கிளம்பினாள். கல்யாண வீட்டுக்குப் போகிற புடவை, தோளில் கைப்பை, முகத்தில் சண்டைக்குப் போகிற களை. பாறைகளின்மேல் செருப்போடு தள்ளாடி வந்தவளைப் பார்த்து அக்கா எழுந்து நின்றாள்.

"இப்டி வந்து குந்துக்கா. அந்தக் கல்லு வயுக்கும்."

அம்மா விறைப்பாக உட்கார்ந்தாள். மாமா கடலை விட்டு வேறெங்கும் திரும்பவில்லை. அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஏதோ சொல்ல ஆரம்பிக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கழி வளைந்தது. மாமா எழுந்து நின்று, கல்லிலிருந்து கல்லுக்குத் தாவி, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். வெளியே வந்தது கொடுவா. அந்தக் கற்களில் அவ்வளவு பெரிய மீனை நான் பார்த்ததேயில்லை. மற்றவர்கள் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அக்கா வழக்கம்போல அதை வாங்கி வாளியில் விட்டாள். வால் வெளியே நீட்டிக்கொண்டு அடித்தது. மாமா மூச்சு வாங்க அவள் எதிரில் நின்றார்.

"இ... இ..."

பக்கத்தில் அம்மாவின் உதடு அசைந்தது. அவள் முடித்துவைக்கப் போகிறாள், நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வால் வீசிய தண்ணீர் அக்காவின் முகமெல்லாம் தெறித்திருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. வேலை முடிந்து, வேறெங்கும் போக வேண்டியதில்லாத ஒருத்தியைப் போல மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இ... இத... வெச்சுக்கலாமா, வி... விட்டுரலாமா? நீங்க சொ... சொல்றதுதான்."

அவ்வளவு நீளமாக மாமா பேசி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். என் வாயின் மேலிருந்த கையை எடுக்கவே அவள் மறந்துவிட்டாள்.

அக்கா வாளிக்குள் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "வுட்டுடலாம்" என்றாள். "சினை கீது."

"இன்னாம்மா, லூசா நீ?" என்று கத்தினார் பின்னாலிருந்த ஒருவர். சினை இருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். மாமா இரண்டு கைகளாலும் மீனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார். கருவேப்பிலைக் காம்பைக்கூட வீணாக்காத என் அம்மா, தன் கல்லில் நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவிடம், "ஞாயித்துக்கெழம மட்டுந்தான் லீவாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இன்னிக்கு ஒரு நாளுதான்."

அன்று மாலையே அம்மா ஊருக்குப் போன் செய்து, பையனுக்குப் பேச்சு திக்கும், சொல்லாமல் மறைத்தோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்பா பல நாள் அவளோடு பேசவில்லை. அந்த அக்காவின் அப்பாவுக்கும் மளிகைக்கடைக்காரர்கள்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. எல்லாரையும் ஒவ்வொருவராக இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவைக்க அடுத்த வருடம்வரை ஆனது. அத்தையும் மாமாவும் இப்போது எர்ணாவூரில் இருக்கிறார்கள். மாமா கல்லாவில் உட்கார்ந்து சொந்தக் கடை நடத்துகிறார். துவரம்பருப்பு இன்னமும் தாமதமாகத்தான் வருகிறது. அத்தை பருப்பு டப்பாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும், அவர் முடிக்கும்வரை அதைத் தொடமாட்டாள்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, ஷேர் ஆட்டோவில் மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொடுவா போன துக்கம் என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே துக்கம்தான். அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "அழாதம்மா, அடுத்த வாரம் அதவிடப் பெருசா கிடைக்கும்" என்றேன்.

அம்மா முந்தானையை விலக்கிச் சிரித்தாள். "வேண்டாம்ட்டி. இதவிட நல்லதா எங்க கிடைக்கப்போவுது?"

நான் குனிந்து பைக்குள் பார்த்தேன். நாலைந்து கீச்சான்கள் கிடந்தன. எல்லாம் ஒரு சாண் இருக்கும். இதில் அப்படி என்ன நல்லதைக் கண்டாள் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.