மறுவீட்டு நாளில் கூலண்ட் மாற்றினோம்

அப்போது நாங்கள் வித்துராவில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ஒரு பிக்கப் வண்டியில் போனக்காடு எஸ்டேட் கடைகளுக்கு மளிகை ஏற்றிப் போவார். அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவருக்குத்தான் என் தங்கையைப் பேசி முடித்திருந்தோம். கல்யாணம் எஸ்டேட்டில்தான். மலைப்பாதை மோசம் என்று அன்று கார்க்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். மணப்பெண்ணும் நானும் பிக்கப்பின் முன்சீட்டில் ஏறிக்கொண்டோம். பின்னால் உறவுக்காரர்களும் சீர்ப்பாத்திரங்களும்.

பாதி ஏற்றத்தில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறையும்போதெல்லாம் என் கணவர் ஓடைத் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருந்தார். ஒரு மாமா துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

“தொறக்கண்டாம் மாமா. சூடு ஆறட்டு. மூஞ்சி வெந்துபோவும்,” என்று கணவர் தடுத்தார்.

காட்டோரம் காத்திருந்தோம். தங்கை பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டாள். அழுதது நான்தான்.

சூடு ஆறியதும் மறுபடி ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, முகூர்த்தம் முடியப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை தாலி கட்டினார். ஆனால் என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுவீட்டு விருந்துக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கணவர் வண்டிக்கடியில் படுத்திருந்தார். ரேடியேட்டரிலிருந்து துருத் தண்ணீர் பழைய வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். வடிவது தெளியும்வரை குழாய்த் தண்ணீர் விட்டு அலசினார்கள். டிஸ்டில்ட் வாட்டர் கலந்த பச்சைக் கூலண்டை ஊற்றும்போது மாப்பிள்ளைதான் புனலைப் பிடித்தார். குடித்தால் செத்துப்போகும் என்று தங்கை கோழிகளை வாளிப் பக்கம் விடாமல் விரட்டிக்கொண்டிருந்தாள்.

மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டார்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. மட்டம் இறங்க இறங்க மறுபடி ஊற்றினார்கள்.

“அண்ணே, அன்னைக்கு நீங்க வரமாட்டீங்களோண்ணு பயந்து பேடிச்சுப் போனேன். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை மிண்டல,” என்றார் மாப்பிள்ளை, புனலைப் பார்த்தபடி.

“எனக்கும் அதே பேடிதான், கேட்டீங்களா,” என்றார் கணவர்.

சோறு ஆறிப்போகிறது என்று நான் கூப்பிட்டும் இருவரும் எழுந்து வரவில்லை.

அந்த வண்டியை விற்றுவிட்டோம். இரு குடும்பமும் இப்போது திருவனந்தபுரத்தில்தான். எங்கள் காரைக் கம்பெனி சர்வீசுக்கு விடுகிறோம். ஆனாலும் தங்கை வீட்டுக்காரர் வந்தால், இருவரும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பேசுவார்கள். பானெட்டுக்குள் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது.